மிகவும் திருப்தி

ஜூலை 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நிலநடுக்கத்தில் வீடு விழுந்த பிறகும் இப்படி அழைக்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பன்னிரண்டு வருடமாக வேறு எப்படியும் அழைத்துப் பழக்கமில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன வாரம் நீங்கள் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள் அல்லவா? நான் வாயைத் திறப்பதற்குள் பதின்மூன்றாம் நம்பர் அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "இன்னும் சாப்பிடலப்பா, நானும் சொல்லிப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். இந்தத் தற்காலிகக் குடியிருப்பில் சுவர் என்று சொல்வது இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்த பஞ்சு. நாம் இருவரும் சண்டை போட்டால் முழு வரிசைக்கும் பொழுதுபோக்கு. காகிதத்துக்குத்தான் சத்தம் கிடையாது.

எங்களுக்கு ஏ வரிசையில் பதினான்காம் அறை. நீளத்தில் எட்டு எட்டு வைக்கலாம், அகலத்தில் ஐந்து. ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டும் முன்பக்கம். பாப்பா ஜன்னலடியில் படுக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே கூடாரத்தில் என்பதால் இரண்டு வகுப்புப் பாடமும் ஒப்பிக்கிறாள்.

முந்தாநாள் ஒரு பெண் படிவங்களோடு வந்தாள். கல்லூரிப் படிப்பு முடித்து ஒரு வருடம்கூட இருக்காது. இருபத்திரண்டு கேள்வி. தண்ணீர் எப்படி, வெளிச்சம் எப்படி, கழிவறைக்கு எவ்வளவு தூரம், இரவில் பயமில்லாமல் தூங்க முடிகிறதா. கடைசிக் கேள்வி: "மொத்தத்தில் இப்போதைய வசிப்பிடம் உங்களுக்கு எப்படி?" ஐந்து கட்டம். மிகவும் திருப்தி என்பதில் ஆரம்பித்து அறவே திருப்தி இல்லை என்பது வரை. நான் மிகவும் திருப்தி என்றேன். அவளுக்கே ஆச்சரியம். "அக்கா, நிஜமாத்தான் சொல்றீங்களா? இந்த வரிசையில நீங்க ஒருத்தர்தான்" என்றாள். நிஜம்தான் என்றேன்.

பக்கத்து அறைக்காரர் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். பாத்திரமெல்லாம் தரையிலிருந்து மேலே ஏறிவிட்டது. தையல் மிஷினுக்கும் இடம் கிடைத்தது.

உங்களுக்கு அங்கே இருமல் குறைந்ததா? சிமெண்ட் கலக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். பாப்பா முத்தம் அனுப்பச் சொன்னாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூலை 11

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அக்கா போனில் சொல்லிவிட்டாள். அவள் சி வரிசையில் இருந்தாலும் காது உன் வரிசையில்தான் இருக்கிறது. "உன் பொண்டாட்டி தகரக் கொட்டாய்க்கு நூத்துக்கு நூறு மார்க் போட்டிருக்காடா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மிகவும் திருப்தியா?

பதினொரு வருடம் நான் கட்டிய வீட்டில் இருந்தாய். அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டியது முதல் கடைசிப் பூச்சு வரை வெளியாள் ஒருவன் கை படவில்லை. அந்த வீட்டைப் பற்றி ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நல்லா இருக்குங்க" என்று சொல்லியிருப்பாயா? சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாலு மாதம்கூட ஆகாத தகரப் பெட்டிக்கு, எவனோ தொழிற்சாலையில் அச்சில் ஊற்றிய பெட்டிக்கு, உன் வாயில் இவ்வளவு நல்ல வார்த்தை வருகிறது.

சரி. யார் அந்தப் பக்கத்து அறைக்காரர்? எழுதும்போது எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதுகிறாய். சுவரில் பஞ்சு இருப்பதை எழுதினாய், பதின்மூன்றாம் நம்பர் அம்மாவை எழுதினாய். பலகை அடித்தவனை மட்டும் ஒரு வரியில் முடித்துவிட்டாய். நான் இருந்த வரைக்கும் நம் வீட்டில் ஒரு ஆணி அடிக்க வெளியாள் வந்ததில்லை.

இங்கே ஒன்பதாவது மாடி தளம் போட்டாயிற்று. ஒரு தளத்துக்கு நாலு வீடு. ஒவ்வொரு சமையலறையும் நம் பழைய கூடம் அளவு. பெரிய ஜன்னல், அதன் கீழே கருப்புக் கல் மேடை. நான் பதித்த கல்லில் முகம் பார்க்கலாம். மேஸ்திரி வந்து தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் பாராட்டு.

பன்னிரண்டு பேர் ஒரே கொட்டகையில் படுக்கிறோம். என்னிடம் யாரும் படிவம் கொண்டு வரவில்லை.

இருமல் அப்படியேதான் இருக்கிறது.

பாப்பாவின் அப்பா


ஜூலை 19

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஒன்பதாவது மாடிச் சமையலறையைப் பற்றி நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை அழுகை வந்தது. துக்கமில்லை, எரிச்சல்.

வீடு கட்டும்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சமையலறையில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று சொல்லட்டுமா? "அந்தச் சுவர்ல ஓட்டை போட்டா பலம் போயிடும். உனக்கு வீடு வேணுமா, வேடிக்கை பாக்கணுமா?" பதினொரு வருடம் ஒரு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு சமைத்தேன். மதியம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே தைத்தேன். கடைசியில் அந்தச் சுவர்தான் முதலில் விழுந்தது. யாரென்றே தெரியாத முப்பத்தாறு பெண்களுக்கு ஜன்னல் வைத்து, கருப்புக் கல் பதித்து, முகம் பார்க்கிற மாதிரி தேய்த்தும் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களை எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் மிகவும் திருப்தி என்று கேட்கிறீர்கள். காலையில் கதவைத் திறந்தால் எதிர் வரிசையில் பதினாறு கதவு. அதில் ஐந்தாறாவது எனக்கு முன்பே திறந்திருக்கும். குழாயடியில் நிற்கும்போது தெரியாதவர்கூட "தலைவலி போச்சா?" என்று கேட்கிறார்கள். பழைய தெருவில் பதினொரு வருடத்தில் என் தலைவலி யாருக்குத் தெரியும்? நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பொதுக் கூடத்தின் மூலையில் தையல் அறை வைத்திருக்கிறோம். இங்கே இருநூற்று இருபது அறை. கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர் உடை மாற்றுவதுவரை தெரிகிறது. அதனால் எல்லாக் கதவுக்கும் திரை தைக்கிறோம். நூற்று நாற்பது முடிந்துவிட்டது. அளவு எடுக்க ஒவ்வொரு அறையாக நான்தான் போகிறேன். முன்பு தைத்ததைக் கொடுக்க வாசல்வரை போனால் "சீக்கிரம் உள்ள வா" என்பீர்கள்.

பக்கத்து அறைக்காரர் டவுன் பஸ் டிரைவர். தனி ஆள். மனைவி நிலநடுக்கத்தில் இறந்துவிட்டார். கை முறிந்து இப்போதுதான் கட்டுப் பிரித்தார்கள். வேலைக்கு இன்னும் போகவில்லை. "வண்டியில ஏறினா கால் நடுங்குது" என்கிறார். அதிகம் பேசமாட்டார். இருமுவது மட்டும் கேட்கும். ஒரு வரியில் எழுதினேன் என்று கோபித்தீர்கள். இப்போது ஐந்தாறு வரி எழுதிவிட்டேன். போதுமா?

பாப்பாவின் அம்மா


ஜூலை 28

பாப்பாவின் அம்மாவுக்கு,

போதாது.

அவன் இருமுவது உனக்குக் கேட்கிறது. நான் இருமுவது கேட்கிறதா?

அக்கா நேற்று போனில் ஒரு படம் அனுப்பினாள். பாப்பா ஜன்னலடியில் நின்று சிரிக்கிற படம். பாப்பாவைப் பார்த்துவிட்டுப் பின்னால் பார்த்தேன். உன் கொடியில் உன் புடவை, பாப்பா பாவாடை, நடுவில் ஒரு காக்கிச் சட்டை. கிளிப் போட்டு, கை இரண்டையும் விரித்து, பாங்காகக் காயப் போட்ட சட்டை. அது என்னுடையதில்லை. நான் காக்கி போடுவதில்லை. சாந்து படிந்த என் சட்டையை நீ இப்படி விரித்துக் காயப் போட்டதில்லை, சுருட்டித்தான் எறிவாய்.

பஸ்ஸைத்தான் ஓட்டுவதில்லை என்று எழுதினாய். மற்றதெல்லாம் நன்றாகவே ஓடுகிறது போலிருக்கிறது.

கொட்டகையில் படத்தை ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு "யாரு சட்டைண்ணே, மச்சானோடதா?" என்றான். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு அன்று முழுக்கக் கல்லைக் கோணலாகப் பதித்தேன். மேஸ்திரி இரண்டு வரிசையைப் பெயர்க்கச் சொன்னார். இருபது வருடத்தில் இது முதல் தடவை.

கேள். அக்காவுக்குப் பக்கத்தில் சி வரிசையில் அறை காலியாம். மாற்றிக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடு. அந்தப் படிவப் பெண் திரும்ப வந்தால் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லி மாற்றச் சொல். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல். ஆனால் அந்தப் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ.

இதைச் செய்த பிறகு எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 20

வீட்டுக்காரருக்கு,

நீங்கள் சொன்னது எதையும் செய்யவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கடிதம் எழுத எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாள் உங்கள் மேல் கோபம். மீதி நாளெல்லாம் பயம்.

முதலில் காக்கிச் சட்டை. ஒரு கையாலேயே பலகை அடித்துவிட்டார், துணி பிழிய மட்டும் அவருக்கு வரவில்லை. ஈரம் சொட்டச் சொட்டக் கதவில் தொங்கவிட்டிருந்தார். வாங்கித் துவைத்துப் போட்டேன். நீங்கள் இங்கே இருந்திருந்தாலும் துவைத்துத்தான் போட்டிருப்பேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே வந்த அன்று ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெயர், எத்தனை பேர், பழைய விலாசம். பக்கத்துப் பதினைந்தாம் நம்பர் கதவில் பழைய விலாசம் என்று எழுதியிருந்தது: மருந்துக்கடைக்காரர் வீடு, மாடி.

நீங்கள் கட்டின மாடி. அவர் அங்கே குடிவந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உங்களுக்கு மருந்துக்கடைக்காரரைத்தான் தெரியும், மாடியில் குடியிருந்தவரைத் தெரியாது. அன்றைக்கே அறை மாற்றிக் கேட்க ஓடினேன். அலுவலகத்தில் வரிசை நீளம். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், நம் கதவுக்கு வெளியே கிடந்த சாமான்களை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மழை வருமாம். அதற்குப் பிறகு அவர் கொடுத்தது எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டது எதையும் மறுக்கவும் முடியவில்லை. அந்தக் கையை முறித்தது யார் கட்டிய கைப்பிடிச் சுவர் என்று எனக்குத் தெரியும்.

படிவப் பெண் வந்தபோது அவர் தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தண்ணீர் குறை, வெளிச்சம் குறை என்று அவர் காதுபட நான் எப்படிச் சொல்வேன்? மிகவும் திருப்தி என்றேன். ஜன்னலும் குழாயடியும் தையல் அறையும் பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். அடுத்து அவரிடம் கேட்டாள். "எல்லாத்துக்கும் பரவாயில்லன்னு போட்டுக்கம்மா" என்றார்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் தையல் அறை வாசலில் வந்து நின்றார். "மருந்துக்கடைக்காரர் வீட்டக் கட்டினது உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார். எனக்கு ஊசி விரலில் ஏறியது. ஆமாம் என்றேன். "மொத நாளே தெரியும். தண்ணி வரிசையில உங்க நாத்தனார் சொல்லிட்டிருந்தாங்க, என் தம்பி கட்டாத வீடு அந்தத் தெருவுல உண்டான்னு." பிறகு சொன்னார்: "அவர ஒன்னும் செய்ய மாட்டேன். ஒரே ஒரு விஷயம் கேக்கணும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். வரச் சொல்லுங்க."

நிலநடுக்கம் முடிந்து இருபதாம் நாள் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினீர்கள். வேலைக்காகப் போகவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். பஸ் ஏறும்போது தெருப்பக்கம் திரும்பாமல் ஏறினீர்கள்.

அவர் மேல் பொறாமைப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் வாருங்கள்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 27

பாப்பாவின் அம்மாவுக்கு,

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

அந்த வீட்டுக்குக் கீழ்த்தளம் மட்டும்தான் முதலில் பேச்சு. கட்டி முடித்து நாலு வருடம் கழித்து மருந்துக்கடைக்காரர் மாடி வேண்டும் என்றார். கீழே இருந்தது வெறும் செங்கல் சுவர். தூணுக்கு ஆறு கம்பி போட வேண்டிய இடத்தில் நாலுதான் போட்டிருந்தோம், அப்போது அது போதும். "மாடிய இது தாங்காதுங்க" என்றேன். "நீ கட்டலன்னா இன்னொருத்தன் கட்டுவான்" என்றார். கட்டினேன். தாங்காது என்று ஒரு தடவைதான் சொன்னேன். ஒரே தடவை. நம் வீட்டுப் பூச்சு வேலை பாக்கி இருந்தது, பாப்பா அப்போது கைக்குழந்தை. இதெல்லாம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் எழுதிய அந்தக் கடிதத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. யாரை என்ன சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ காறித் துப்பினாலும் சரி. இதைப் படித்த பிறகும் எனக்குப் பொறாமை போகவில்லை. வேறு மாதிரி ஆகிவிட்டது. என் பாவத்தை எனக்குத் தெரியாமல் நீயும் அவரும் ஆளுக்கொரு பக்கமாக ஐந்து மாதம் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு தகடு. நான் ஒன்பதாவது மாடியில் கல்லைத் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தத் துக்கத்தில்கூட நீ அவருக்குத்தான் துணை.

வருகிறேன். மேஸ்திரி மூன்று நாள் விடுப்புக் கொடுத்திருக்கிறார், போக வரவே இரண்டு நாள் போய்விடும். ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருப்பேன். அக்காவிடம் சொல்லாதே. அவர் கேட்பதற்கு என்னிடம் பதில் இருக்குமா என்று தெரியவில்லை. அடித்தால் நீ குறுக்கே வராதே.

பாப்பாவின் அப்பா


செப்டம்பர் 12

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போய்ச் சேர்ந்த விவரம் எழுதுங்கள். பாப்பா தினமும் கேட்கிறாள்.

வந்ததும் வராததுமாக அறையின் நாலு சுவரையும் தட்டிப் பார்த்தீர்கள். கையை உயர்த்திக் கூரை எட்டுகிறதா என்று பார்த்தீர்கள். கதவு நிலையைத் தடவினீர்கள். "மோசமில்ல" என்றீர்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனீர்கள். நான் பாப்பாவைப் பதின்மூன்றாம் நம்பர் அம்மாவோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கேட்கக் கூடாது என்றுதான் மிஷினில் உட்கார்ந்தேன். கால் மிதிக்க மாட்டேன் என்றது.

நீங்கள் கம்பிக் கணக்கைச் சொன்னது கேட்டது. நாலு வருடம் கழித்து மாடி ஏற்றியதைச் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

"அன்னிக்கு டிபன் பாக்ஸ மறந்துட்டுக் கீழ இறங்கிட்டேன். தெருவுல நின்னு கூப்பிட்டேன், மேலருந்து போடுன்னு. அவ பின்னாடி ரூம்ல படிக்கட்டுப் பக்கம் நின்னுட்டிருந்தா. நான் கூப்பிட்டதால முன்பக்கம் வந்தா. கைப்பிடிச் சுவர்கிட்ட. அப்பதான் ஆடுச்சு. நான் கூப்பிடலன்னா, அவ படிக்கட்டுலயே இருந்திருந்தா, பொழைச்சிருப்பாளா?"

நீங்கள் சொன்னீர்கள்: "படிக்கட்டுதாங்க மொதல்ல விழுந்திருக்கும். அதுதான் இருக்கறதுலயே மோசம். அவங்க எங்க நின்னிருந்தாலும் ஒன்னுதான். நீங்க கூப்பிட்டதால இல்ல. நான் கட்டினதால." அவர் அழுதார். ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. கடைசியில் "கிளம்புங்க" என்றார். நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அன்று முழுதும் நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அவருக்கும் கேட்கும்.

புதன்கிழமை அவர் டிப்போவுக்குப் போய்விட்டு வந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவை. வியாழக்கிழமை நுழைவாயில் பக்கம் ஈ வரிசைக்கு அறை மாற்றிக்கொண்டார். காலை ஐந்து மணி ஷிப்டுக்கு அதுதான் வசதி என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாராம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்தாம் அறை காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு அது பழகவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் கோபம் இருக்கிறது. தூணில் நாலு கம்பி என்பதை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. கடிதத்தில்தான் சொன்னீர்கள். அவரிடம் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டீர்கள். உங்கள் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாது. என் பங்குக்குச் சுவரோரம் உட்கார்ந்து திருடி மாதிரி கேட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மருந்துப் பெட்டிகளை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று அந்தப் படிக்கட்டை மருந்துக்கடைக்காரர் தனியாகக் கட்டச் சொன்னதாக அன்று வீட்டில் சொன்னீர்கள். ஒரு வாரம் அதிகமாகப் பிடித்தது என்று என்னிடம் சலித்துக்கொண்டீர்கள். அந்தப் படிக்கட்டா முதலில் விழுந்திருக்கும்?

பாப்பாவின் அம்மா


செப்டம்பர் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ கேட்பாய் என்று தெரியும். நீ தையல்காரி, ஒரு நூல் பிரிந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாய்.

அந்தப் படிக்கட்டு விழவில்லை. அதற்குத் தனி அஸ்திவாரம், இரண்டு பக்கமும் ஆறு கம்பித் தூண். அந்த வீட்டிலேயே நான் முறையாகக் கட்டியது அது ஒன்றுதான். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் மண்மேடு, நடுவில் படிக்கட்டு மட்டும் நிற்கிறது. மேலே போக இடமில்லாத படிக்கட்டு. சாயங்காலம் இயந்திரத்தை வைத்து அதையும் தள்ளிவிட்டார்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று தேட வழி வேண்டுமாம். அவர் அப்போது ஆஸ்பத்திரியில். திரும்பி வந்தபோது வெறும் தரை. அதனால் அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த ஊரில் நிற்க முடியவில்லை. இருபதாம் நாள் கிளம்பினேன்.

அவர் கேட்டபோது உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் இருக்கிறதே. இந்த ஆள் மேல்தானே நான் ஒன்றரை மாதம் கரித்துக் கொட்டினேன் என்று நினைத்தேன். உன் கொடியில் தொங்கிய சட்டையைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தார். அவரிடம் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

சரியா தப்பா தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அக்காவுக்கு முக்கியமாக.

அவர் அறை மாறிப் போனார் என்று படித்ததும் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும். நீ அந்தச் சத்தம் இல்லாதது பழகவில்லை என்று எழுதிய வரியை நாலு தடவை படித்தேன். இப்படிப்பட்டவன்தான் நான், பன்னிரண்டு வருடம் கழித்து உனக்குத் தெரிந்தது பற்றி வருத்தமில்லை.

ஒன்பதாவது மாடி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரியிடம் கணக்குத் தீர்க்கச் சொல்லிவிட்டேன். அங்கே நிரந்தர வீடுகள் கட்ட ஆள் எடுக்கிறார்களாம். என்னைக் கொத்தனாராக யாரும் சேர்க்கமாட்டார்கள் என்று அக்கா சொல்கிறாள். சேர்க்க வேண்டாம். சாந்துச் சட்டி தூக்குகிறேன். கம்பி கட்டுகிற இடத்தில் நிற்க விட்டால் போதும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. வரும் ஒன்றாம் தேதி கிளம்புகிறேன்.

பாப்பாவின் அப்பா


செப்டம்பர் 26

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இது உங்கள் கையில் கிடைக்குமோ, அதற்குள் கிளம்பிவிடுவீர்களோ தெரியவில்லை.

சரியா தப்பா என்று என்னைக் கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. நேற்று மாலை நுழைவாயிலில் அவரைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கொடுங்கள், தைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை அசைத்துவிட்டு நேரே போய்விட்டார். நானும் சும்மா வந்துவிட்டேன்.

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தபோது பாப்பா பார்த்துவிட்டாள். "அப்பா லெட்டரா? ஏம்மா எரிக்கிற? என்ன எழுதியிருந்தாரு?" என்று பிடித்துக்கொண்டாள்.

"வர்றாராம்" என்றேன்.

"அதுக்கு மூணு பக்கமா?"

ஆமாம் என்றேன்.